வயிறும் நினைவும்

பெங்களூருவில் அல்சூர் பக்கம் இருக்கிறது ஜோகுபாளையம். சின்னச் சின்னத் தெருக்கள். நெருக்கமான வீடுகள். ஒரே தெருவில் தமிழும் கேட்கும், கன்னடமும் கேட்கும். தெலுங்கும் உருதும் கேட்கும். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் போய்விடுவார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுவார்கள். வீட்டில் வயதானவர்கள் இருப்பார்கள்.

வயதானவர்களைப் பற்றி இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழும்.

"அவருக்கு வயிறு சரியில்லை. சாப்பிட்ட உடனே ஓடணும்."

"பாட்டிக்கு இப்போ எல்லாம் மறந்து போகுது. வயசாயிடுச்சு இல்லே?"

ஒன்று வயிற்றுத் தொல்லை. மற்றது தலைத் தொல்லை. இரண்டும் வேறு வேறு என்றுதான் நினைக்கிறோம். ஆனால் பல வருஷம் நீடிக்கும் குடல் நோய்க்கும் மறதி நோய்க்கும் தொடர்பு உண்டு என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. குடல் நோய் உள்ள எல்லோருக்கும் மறதி வருமா? வராது. பயப்பட வேண்டாம். அதற்காக அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். ஏன் என்று பார்ப்போம்.

எது சாதாரண பேதி? எது நாள்பட்ட நோய்?

கெட்டுப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டால் பேதி ஆகும். அசுத்தமான தண்ணீரைக் குடித்தாலும் ஆகும். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். இது எல்லோருக்கும் வருவதுதான்.

நாலு வாரத்துக்கு மேலும் பேதி நிற்கவில்லை என்றால் அது வேறு. நின்று நின்று திரும்ப வந்தாலும் அது வேறு. அதை நாள்பட்ட வயிற்றுப்போக்கு என்பார்கள். அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒரு முக்கியமான காரணம் குடல் அழற்சி நோய்.

அழற்சி என்றால் என்ன? கையில் புண் வந்தால் சிவக்கும், வீங்கும், வலிக்கும். அதுதான் அழற்சி. அது குடலுக்குள் வந்து, வருஷக்கணக்கில் ஆறாமல் இருந்தால் அதுவே குடல் அழற்சி நோய். இதில் இரண்டு வகை முக்கியம். ஒன்றில் பெருங்குடலில் மட்டும் புண் வரும். மற்றொன்றுக்குப் பெயர் குரோன் நோய். அது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதிகம் வரும்.

இது வெளிநாட்டார் நோய் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அது சரியில்லை. பஞ்சாபில் மருத்துவர்கள் வீடு வீடாகப் போய்க் கணக்கு எடுத்தார்கள். அந்தக் கணக்கு 2003-ல் வெளிவந்தது. லட்சம் பேரில் சுமார் 44 பேருக்குப் பெருங்குடல் புண் நோய் இருந்தது. நம் நாட்டில் இந்த நோய் இப்போது கூடிக்கொண்டு வருகிறது.

நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. மலத்தில் ரத்தம் வந்தால் "மூலம்" என்று முடிவு கட்டிவிடுவோம். "உடம்புச் சூடு" என்று மோர் குடிப்போம், வெந்தயம் போடுவோம். மோர் நல்லதுதான். ஆனால் மோர் குடலில் இருக்கும் புண்ணை ஆற்றாது. ரத்தம் வந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

டிமென்ஷியா என்றால் என்ன?

மறதி எல்லோருக்கும் உண்டு. கடைக்குப் போய் உப்பு வாங்க மறந்துவிட்டால் அது சாதாரண மறதி. சமைக்கும்போது உப்பை எதற்குப் போடுவது என்பதே மறந்துவிட்டால் அது நோய். இந்த நோய்க்கு டிமென்ஷியா என்று பெயர்.

கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பணம் எண்ணத் தடுமாறுவார்கள். பழகிய தெருவிலேயே வழி தெரியாமல் நிற்பார்கள். தாமே ஒரு பொருளை வைத்துவிட்டு, "திருடிவிட்டாய்" என்று மருமகளைச் சொல்வார்கள்.

இது பைத்தியம் இல்லை. பில்லி சூனியம் இல்லை. வயதானால் எல்லோருக்கும் வருவதும் இல்லை. இது மூளையில் வரும் நோய். நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது. மொத்தம் சுமார் 88 லட்சம் பேர். நாடு முழுவதும் நடந்த ஓர் ஆய்வைக் கொண்டு 2023-ல் இந்தக் கணக்கைச் சொன்னார்கள்.

குடலும் மூளையும் பேசிக்கொள்கின்றன

பயந்தால் வயிற்றைக் கலக்கும். துக்கம் வந்தால் பசிக்காது. இது நமக்குத் தெரிந்ததுதான். மூளையில் நடப்பது வயிற்றுக்குத் தெரிகிறது. அதேபோல வயிற்றில் நடப்பதும் மூளைக்குத் தெரியும். எப்படி?

முதல் வழி நரம்பு. மூளையிலிருந்து வயிற்றுக்கு ஒரு பெரிய நரம்பு வருகிறது. அது போன் கம்பி மாதிரி. சேதி இரண்டு பக்கமும் போகும். குடலின் சுவரிலும் கோடிக்கணக்கான நரம்பு செல்கள் இருக்கின்றன.

இரண்டாவது வழி ரத்தம். சிறுகுடலின் நீளம் சுமார் 20 அடி. பெருங்குடல் சுமார் 5 அடி. அதற்குள் கோடானுகோடி கிருமிகள் வாழ்கின்றன. அவற்றில் பல நமக்கு நல்லது செய்பவை. குடல் சுவர் ஒரு வேலி மாதிரி. சத்தை உள்ளே விடும். கிருமியை உள்ளே விடாது. குடலில் புண் வந்தால் அந்த வேலியில் ஓட்டை விழுகிறது. வரக்கூடாதவை ரத்தத்தில் கலக்கின்றன. உடம்பு அவற்றோடு சண்டை போடுகிறது. சண்டைக்காகச் சில ரசாயனப் பொருள்களை உண்டாக்குகிறது. சண்டை நாலு நாளில் முடிந்தால் கெடுதல் இல்லை. வருஷக்கணக்கில் நீடித்தால் அந்தப் பொருள்கள் ரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றும். மூளையையும் மெல்ல மெல்லப் பாதிக்கலாம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

தைவானில் கணக்குப் பார்த்தார்கள்

கருதினால் போதுமா? கணக்குப் பார்க்க வேண்டாமா? பார்த்தார்கள்.

தைவான் ஒரு தீவு நாடு. அங்கே கிட்டத்தட்ட எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு உண்டு. யாருக்கு என்ன நோய் என்று பதிவு இருக்கிறது. குடல் அழற்சி நோய் உள்ள 1,742 பேரை அந்தப் பதிவிலிருந்து எடுத்தார்கள். எல்லோரும் 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். அந்த நோய் இல்லாத 17,420 பேரையும் எடுத்தார்கள். 16 வருஷம் வரை இவர்களின் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 2020-ல் வெளிவந்தது.

குடல் நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பேருக்கு டிமென்ஷியா வந்தது. குடல் நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பேருக்கு வந்தது. இன்னொன்றும் தெரிந்தது. நோய் இல்லாதவர்களுக்குச் சராசரியாக 83 வயதில் டிமென்ஷியா தெரியவந்தது. குடல் நோய் உள்ளவர்களுக்கு 76 வயதிலேயே தெரியவந்தது. ஏழு வருஷம் முன்னதாக!

இந்தக் கணக்கை இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். குடல் நோய் உள்ள நூறு பேரில் 94 பேருக்கு டிமென்ஷியா வரவில்லை.

டென்மார்க் நாட்டிலும் இதே கணக்கைப் பார்த்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. அங்கே ஆபத்து மிகக் கொஞ்சம்தான் கூடியிருந்தது.

குடல் நோய்தான் மறதியை உண்டாக்குகிறது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. மழை வரும்போது தெருவில் குடைகளும் வரும். அதற்காகக் குடையால் மழை வந்தது என்று சொல்லலாமா? குடல் நோய் உள்ளவர்கள் அடிக்கடி மருத்துவரைப் பார்க்கிறார்கள். அதனால் அவர்களுடைய மறதி சீக்கிரம் தெரியவரலாம். இப்படியும் காரணம் இருக்கலாம். ஆகவே சரியான பேச்சு இதுதான்: நாள்பட்ட குடல் நோய் இருந்தால் மறதி வரும் வாய்ப்பு சற்று அதிகம்.

சத்து சேராவிட்டால் நினைவு தடுமாறும்

ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகமே இல்லை. அதுதான் பி12 என்னும் வைட்டமின். நரம்புக்கும் மூளைக்கும் ரத்தத்துக்கும் இது கட்டாயம் வேண்டும். மீன், முட்டை, கறி, ஈரல், பால், தயிர் ஆகியவற்றில் இது இருக்கிறது. கீரையில் வேறு சத்துகள் உண்டு. பி12 இல்லை.

பி12 சத்தை உடம்பு எங்கே எடுத்துக்கொள்கிறது? சிறுகுடலின் கடைசிப் பகுதியில். குரோன் நோய் அதிகம் வருவதும் அங்கேதான். குடலில் வரும் காசநோயும் அங்கேதான் அதிகம் வரும். அங்கே புண் இருந்தால் எவ்வளவு நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும் பி12 உடம்பில் சேராது.

இப்படிச் சத்து சேராத நோய் நமக்குப் பக்கத்திலேயே பெரிய அளவில் வந்திருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு வயிற்றுப்போக்கு நோய் பரவியது. அதற்கு ஸ்ப்ரூ என்று பெயர். ஆயிரக்கணக்கானவர்கள் மெலிந்து போனார்கள். பலர் இறந்தும் போனார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் செல்வின் பேக்கர், மாத்தன் ஆகிய மருத்துவர்கள் இந்த நோயைப் பல வருஷம் ஆராய்ந்தார்கள். இந்த நோயில் குடல் சத்தை எடுத்துக்கொள்வதில்லை. பி12 சத்தும் குறைந்துவிடும். இப்போது ஸ்ப்ரூ மிகவும் குறைந்துவிட்டது. ஆனால் அது சொல்லும் பாடம் இன்றைக்கும் வேண்டும். சாப்பிடுவது வேறு, சாப்பிட்டது உடம்பில் சேருவது வேறு.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மாமியாருக்கு 68 வயது. மூன்று வருஷமாக வயிறு சரியில்லை. வெட்கத்தால் யாரிடமும் சொல்லவில்லை.

"அத்தை, சாப்பிட வாங்க."

"வேண்டாம்மா. பசிக்கலே."

பசி இருக்கிறது. சாப்பிட்டால் கழிப்பறைக்கு ஓட வேண்டுமே என்ற பயம். கல்யாண வீட்டுக்கு வருவதில்லை. கோயிலுக்குப் போவதில்லை. பஸ் ஏறுவதே இல்லை. கை கால் மரத்துப் போகிறது. நடக்கும்போது தள்ளாடுகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். ஒரு நாள் பாத்திரம் கருகிப் போகிறது.

"அத்தை, உங்களுக்கு என்னதான் ஆச்சு? மறைக்காம சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்றது? வயித்தால போய்க்கிட்டே இருக்கும்மா. வெளியே சொல்ல வெட்கமா இருக்கு."

மருமகள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள். ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். பி12 மிகவும் குறைவு. குடலிலும் புண் இருக்கிறது. குடலால் பி12 எடுக்க முடியாது. அதனால் ஊசியாகப் போடுகிறார்கள். குடலுக்கும் மருந்து கொடுக்கிறார்கள். சில மாதத்தில் தள்ளாட்டம் குறைகிறது. மறதியும் குறைகிறது.

இது கற்பனை வீடுதான். ஆனால் இப்படி நடக்கக்கூடும். டிமென்ஷியாவில் பல வகைகளை முழுதாகக் குணப்படுத்த முடியாது. பி12 குறைவால் வரும் மறதியைச் சரி செய்ய முடியும். சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ரொம்ப நாள் விட்டுவிட்டால் போன நரம்பு முழுதாகத் திரும்பாது.

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறையலாம். வயிற்று எரிச்சல் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும் குறையலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பி12 அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

திடீர்க் குழப்பம் வேறு

டிமென்ஷியா மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வரும். நேற்று நன்றாக இருந்தவர் இன்று உளறினால் அது டிமென்ஷியா என்று விட்டுவிடக் கூடாது.

பேதியில் உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் வெளியே போய்விடும். வயதானவர்களுக்கு இதனால் மூளை குழம்பும். ஆளைத் தெரியாது. தூங்கிக்கொண்டே இருப்பார்கள். இது அவசரம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பேதி தொடங்கியதுமே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். பொட்டலத்தில் போட்டிருக்கிற அளவு தண்ணீரில் கரைக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர். அதில் சர்க்கரை 6 டீஸ்பூன். உப்பு அரை டீஸ்பூன். டீஸ்பூனைத் தலை தட்டி அளக்க வேண்டும். உப்பு கூடக் கூடாது. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

என்ன செய்யலாம்?

முதலில் வெட்கத்தை விட வேண்டும். காய்ச்சல் என்று சொல்ல நாம் வெட்கப்படுவதில்லை. வயிற்றுப்போக்கு என்று சொல்ல ஏன் வெட்கம்? நாலு வாரத்துக்கு மேல் பேதி, மலத்தில் ரத்தம், உடம்பு மெலிவது, ராத்திரி எழுந்து ஓடுவது, மாலையில் காய்ச்சல். இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். மலம், ரத்தம் பரிசோதிப்பார்கள். தேவையானால் சின்ன கேமரா பொருத்திய குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்ப்பார்கள்.

மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையும் வேண்டாம். குடல் காசநோயும் குடல் அழற்சியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மருந்து வேறு வேறு. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றதை மோசமாக்கலாம். காசநோய்க்கு அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்.

வலி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். குடல் அழற்சி அடங்கும், மறுபடி கிளம்பும். மருத்துவர் சொல்லும்வரை சாப்பிட வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு மறதியும் இருக்கிறது, குடல் நோயும் இருக்கிறது என்று வையுங்கள். மாத்திரையை அவரிடமே விடாதீர்கள். வேளைக்கு ஒருவர் எடுத்துக் கொடுங்கள். கழிப்பறைக் கதவில் ஒரு படம் ஒட்டுங்கள். ராத்திரி விளக்கு எரியட்டும். துணியில் போய்விட்டால் திட்டாதீர்கள். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. வயிறு வலிப்பதைச் சொல்லக்கூட அவருக்குத் தெரியாமல் போகலாம். அவர் முகத்தைப் பார்த்து நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

மறதியைத் தள்ளிப்போட முடியுமா?

லான்செட் என்ற மருத்துவ இதழின் அறிஞர் குழு 2024-ல் ஒரு பட்டியல் கொடுத்தது. நாம் மாற்றக்கூடிய 14 காரணங்கள் அதில் இருக்கின்றன. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், புகை, குடி, காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, தனிமை, படிப்புக் குறைவு ஆகியவை அவற்றில் சில. இந்தப் பதினான்கையும் சரி செய்தால் டிமென்ஷியாவில் பாதிக்குச் சற்றுக் குறைவானதைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்றார்கள்.

அந்தப் பட்டியலில் குடல் நோய் இல்லை. ஆனால் தனிமை இருக்கிறது. குடல் நோய் உள்ளவர் வெட்கத்தால் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் தனிமை வந்துவிடுகிறது. அதனால் குடல் நோயை மறைப்பதே ஒரு கெடுதல். மருந்தும் வேண்டும், மனிதர்களும் வேண்டும்.

இன்னொரு நல்ல சேதி. ஹைதராபாத்தில் டிமென்ஷியா வந்த 648 பேரை மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் அவர் குழுவினரும் ஆராய்ந்தார்கள். 2013-ல் முடிவு வந்தது. ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை வருஷம் தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. ஜோகுபாளையத்தில் வீட்டில் தமிழ், கடையில் கன்னடம் பேசுகிறவர்கள் எத்தனை பேர்! அது மூளைக்கு நல்ல பயிற்சி. புதிதாக எழுத்துப் படிப்பதும் பயிற்சிதான்.

எங்கே போவது?

முதலில் பக்கத்திலுள்ள அரசு சுகாதார நிலையத்துக்கோ 'நம்ம கிளினிக்'குக்கோ போகலாம். ஜோகுபாளையத்துக்காரர்களுக்குச் சிவாஜிநகரில் பவுரிங் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. மறதிக்கும் நரம்பு நோய்க்கும் ஓசூர் ரோட்டில் நிமான்ஸ் இருக்கிறது. அது 1974-ல் உருவானது. நாடெங்கிலுமிருந்து அங்கே நோயாளிகள் வருகிறார்கள்.

மனம் தொடர்பான உதவிக்கு 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை. முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் இருக்கிறது.

மருத்துவரிடம் போகும்போது இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். வயிற்றையும் சொல்லுங்கள், மறதியையும் சொல்லுங்கள். எப்போது தொடங்கியது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இப்போதுதான் எழுதத் தெரியுமே!

நினைவில் வைப்போம்

1. நாலு வாரத்துக்கு மேல் வயிற்றுப்போக்கு இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.
2. மலத்தில் வரும் ரத்தம் எல்லாம் மூலம் இல்லை.
3. நாள்பட்ட குடல் நோய் இருந்தால் டிமென்ஷியா வரும் வாய்ப்பு சற்று அதிகம். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை.
4. பி12 குறைவால் வரும் மறதியைச் சரி செய்யலாம். சீக்கிரம் பார்க்க வேண்டும்.
5. திடீர்க் குழப்பம் என்றால் அவசரம்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் வீட்டில் வயதானவர்கள் வயிற்றுத் தொல்லையை வெளியே சொல்கிறார்களா? சொல்லாவிட்டால் ஏன்?
2. "வயசாயிடுச்சு, அதான் மறதி" என்று சொல்வது சரியா?
3. கல்யாணம், கோயில், கடை என்று வெளியே வராமல் இருக்கும் பெரியவர் உங்கள் தெருவில் உண்டா? அவரை யார் போய்ப் பார்க்கலாம்?